கணினியிலிருந்து வடித்த தண்ணீர்

அந்தச் சத்தத்தை எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஒருவர் எதையோ சொல்ல வாயெடுத்து, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்று எச்சிலோடு சேர்த்து விழுங்கிக்கொள்வது போன்ற சத்தம். மத்தியான வெயிலில் தெருவே கண்ணயரும் நேரத்தில் பிரம்மநாயகத்தின் நிழல் ஸ்டூடியோவுக்குள்ளிருந்து அது வரும்; கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது; பிறகு மறுபடியும் ஒரு மிடறு. அசலூரிலிருந்து வந்தவர்கள் உள்ளே யார் என்று கேட்பார்கள். யாருமில்லை, கம்ப்யூட்டர் தண்ணீர் குடிக்கிறது என்போம். பல வருஷங்களுக்கு முன்னால் நின்றுபோன அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் விழுவதாகச் சிலர் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

தென்காசிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவில் பஸ் நின்று போகிற ஊர் எங்களுடையது. பங்குனி பிறந்தால் கல்லும் வியர்க்கிற ஊர். கல்யாணப் படங்களில் மணப்பெண்ணின் இமைமயிர்கூடத் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று ஜனங்கள் கேட்கத் தொடங்கிய காலத்தில், பிரம்மநாயகத்தின் கம்ப்யூட்டர் அந்த வேலையின் சூட்டைத் தாங்க மாட்டாமல், உள்ளே இருந்த விசிறிகளெல்லாம் மாவு மில்லைப் போல அலற, ஒரு வைகாசி முகூர்த்தப் படத்தின் நடுவில், திரையில் மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நிற்க, அப்படியே அணைந்துபோனது. பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் ஜெசிந்தாவை வரவழைத்தான். அவள் செம்புத் தகடுகளும், வளையும் குழாய்களும், ஒரு சின்னப் பம்பும், காரில் இருப்பதைப் போன்ற ரேடியேட்டரும், ஊறுகாய் ஜாடி அளவுக்கு ஒரு கண்ணாடித் தொட்டியும் கொண்டுவந்து, பெட்டிக்குள் சூடாகிற இடங்களையெல்லாம் தண்ணீர் தொட்டுத் தொட்டுச் சுற்றிவரும்படி செய்து, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரை ஊற்றி மூடினாள். அலறல் நின்றது. குழாயில் சிக்கிய ஒரு காற்றுக்குமிழி மட்டும் சுற்றி வந்து தொட்டியில் விழும்போதெல்லாம் அந்த மிடறுச் சத்தம் கேட்டது.

அப்போதே ஜெசிந்தா சொன்னாள், தண்ணீரை ஏற்றுவது பெரிதில்லை, இறக்குவதுதான் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவையாவது பழையதை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும், அதற்குக் குழாயின் ஆகத் தாழ்ந்த இடத்தில் திறந்து மூட ஒரு திருகு வைக்க வேண்டும் என்று. அது வைகாசி மாதம். வரிசையாக முகூர்த்தங்கள். இன்னும் அரை நாள் ஆகும் என்றதும் பிரம்மநாயகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டான். திருகு இல்லாமல் வடிப்பதென்றால் குழாயைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் தண்ணீர் சர்க்யூட்டின் மேல் விழும். விழாமலிருக்கப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். எனவே அவன் வடிக்கவே இல்லை. குறைகிறபோது மூடியைத் திறந்து, குறைந்த அளவுக்கு மேலே ஊற்றினான். பழைய தண்ணீரின் தலையில் புதிய தண்ணீர், அதன் தலையில் இன்னொரு தண்ணீர். வருஷங்கள் போயின.

எங்கள் ஊரில் கல்யாண ஆல்பத்தை யாரும் நேராகப் போய் வாங்குவதில்லை. முதலில் ஒரு தடவை போய், படங்களைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, இன்னாரைப் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவோம். தாலி கட்டும்போது நெற்றியில் பொட்டில்லாமல் பின்னால் நின்ற சித்தி. வேறு சாதியில் கட்டிக்கொண்டு போய், தம்பி கல்யாணத்துக்கென்று கூச்சத்தோடு வந்து ஓரமாக நின்ற மூத்தவன். மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு நின்ற கீழத்தெருச் சேக்காளி. வாய் கோணிய பிள்ளை. புருஷனை விட்டு வந்தவள். அத்தனை பேரும் பந்தியில் சாப்பிட்டவர்கள், வாழ்த்தியவர்கள், இலை எடுக்க ஒத்தாசை செய்தவர்கள். படத்தில் மட்டும் வேண்டாம். பிரம்மநாயகம் தலையாட்டுவான். அவர்கள் நின்ற இடத்தில் பூச்சரத்தை இழுத்து விடுவான், வாழைமரத்தைக் கொஞ்சம் அகலமாக்குவான், பக்கத்தில் நிற்பவளின் பட்டுப்புடவையை நீட்டுவான். கம்ப்யூட்டர் சூடாகும், தண்ணீர் சுற்றிவரும், ஒரு மிடறு கேட்கும், ஆள் இருக்க மாட்டார். வாடின பூவை மாலையிலிருந்து கிள்ளிப் போடுவதில்லையா, அதைப் போலத்தான் நாங்கள் அதை நினைத்தோம்.

அவனுக்கு ஒரு அக்காள் உண்டு. உலகம்மாள். கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷன் லாரியில் அடிபட்டுப் போக, தம்பி வீட்டுக்கு வந்து, தம்பி மகள் வடிவைக் குளிப்பாட்டித் தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவள். வடிவு பெரியமனுஷி ஆனபோது சடங்கு வைத்தார்கள். உலகம்மாள் சபைக்கு வரவில்லை, அவளுக்கே வழக்கம் தெரியும். உள்ளறையில் இருந்து பிள்ளைக்கு ஜடை பின்னிப் பூ தைத்து விட்டாள். பின்னி முடித்த சந்தோஷத்தில் சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, வடிவின் தோளில் கைவைத்து, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். பிரம்மநாயகம் அந்த நிமிஷத்தைப் படம் எடுத்தான். அந்த வருஷம் அவன் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் பார்த்தவர்கள் உலகம்மாளைப் பார்க்கவில்லை. ஆல்பத்தில் வைக்கும்போது அவளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஜன்னல் திரையை நீட்டியிருந்தான். அவசரத்தில் வடிவின் தோளில் நாலு விரல்களை மட்டும் விட்டுவிட்டான். உலகம்மாள் ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டே வந்து, அந்தப் பக்கத்தில் நிறுத்தி, தன் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் செங்கோட்டைக்குப் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. தையல் மெஷினைப் பிறகு ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் வரவும் இல்லை, இவன் போகவும் இல்லை.

வடிவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமான வருஷம், ஆடி மாதம் வந்தது. ஆடியில் எங்கள் பக்கம் முகூர்த்தம் கிடையாது; ஸ்டூடியோக்காரர்கள் லென்ஸ் துடைப்பதும் லைட்டுகளுக்கு வயர் மாற்றுவதும் அந்த மாதத்தில்தான். கம்ப்யூட்டரின் தண்ணீர் பழைய டீயைப் போலக் கலங்கியிருந்தது. சூடு மறுபடியும் ஏறியது. பிரம்மநாயகம் ஜெசிந்தாவைக் கூப்பிட்டான்.

அவள் பெட்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டு, என்ன அண்ணாச்சி, கம்ப்யூட்டரை வளத்தியளா, ஊறப்போட்டியளா என்று கேட்டாள். பிறகு உட்கார்ந்து வேலை செய்தாள். இந்த முறை எல்லாவற்றையும் வடிப்பதற்கு வாகாக வைத்தாள். பம்புக்குக் கீழே, குழாய் தொங்குகிற ஆகத் தாழ்ந்த இடத்தில், இரண்டு பக்கமும் கிளிப் போட்டு நெரித்து, நடுவில் வெட்டி, மூன்று வாய் உள்ள ஒரு இணைப்பைச் செருகி, மூன்றாவது வாயில் சின்னத் திருகும் வெளியே நீட்டிக்கொள்ள ஒரு வால்குழாயும் வைத்தாள். ரேடியேட்டரில் தண்ணீர் தங்கிவிடாதபடி அதன் வாய் கீழே பார்க்கத் திருப்பி மாட்டினாள். இனிமேல் பெட்டியைக் கவிழ்க்க வேண்டாம், ஒரு வாளியும் கொஞ்சம் பொறுமையும் போதும் என்றாள். பெயிண்ட் வந்த மஞ்சள் வாளியைக் கீழே வைத்துத் திருகைத் திறந்தாள். மூன்று சொட்டு விழுந்தது, நின்றுவிட்டது.

"வரலையே?" என்றான் பிரம்மநாயகம்.

"எப்படி வரும்? மேல இறுக்கி மூடியிருக்கியள்லா. மேல மூச்சுக்கு வழி விட்டாத்தான் கீழ எறங்கும்."

தொட்டியின் மூடியைத் திருகித் தளர்த்தினாள். உள்ளே காற்று நுழைந்தது. நெடுநாள் அடக்கிய பெருமூச்சு ஒன்று விடுபட்டதைப் போல, தண்ணீர் இறங்கி வாளிக்குள் விழுந்தது. பெட்டியை முன்னால் சாய்த்தாள், பின்னால் சாய்த்தாள், கடைசிச் சொட்டு வரை வடித்தாள். குனிந்து வாளியைப் பார்த்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கித் தலைக் கிளிப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு பிரம்மநாயகம் குனிந்தான்.

உலகம்மாள் சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவன் வாளியை லேசாக ஆட்டினான். முகம் அலைந்து, கலைந்து, மறுபடியும் கூடிச் சிரித்தது. ஜெசிந்தாவிடம், இதில் யார் தெரிகிறார்கள் என்று கேட்டான். அவள் எட்டிப் பார்த்து, நான்தான் தெரியுதேன், வேற யாரு என்றாள். தன் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, நாளைக்கு வந்து புதுத் தண்ணீர் ஊற்றித் தருவதாகச் சொல்லிவிட்டு, தென்காசி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

வாளியைச் சாக்கடையில் கொட்டப் போனவள் பிரம்மநாயகத்தின் மனைவி செல்லக்கனி. வாசல்வரை தூக்கிக்கொண்டு போனவள், குனிந்தவள், வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். தன் தம்பியை விட்டுப் பிரிந்துபோன பெண் வாளிக்குள்ளிருந்து பார்த்தாள் என்று பிறகு சொன்னாள். அந்தப் பெண்ணை வீட்டுப் பால்காய்ப்புப் படத்திலிருந்து எடுக்கச் சொன்னது செல்லக்கனிதான். அந்த நேரம் பார்த்து ஆல்பம் கேட்டு வந்த அரிசி மண்டி பரமகுரு, வாசலில் வாளி கிடக்கிறதே என்று எட்டிப் பார்த்துவிட்டு, ஆல்பத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் திரும்பிப் போனார். அவர் பார்த்தது மூத்த மகனை. பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது: வடித்த தண்ணீரில் குனிந்து பார்த்தால் பார்க்கிறவர் முகம் தெரிவதில்லை, அவர் யாரை எடுக்கச் சொன்னாரோ அவர் முகம் தெரிகிறது, யாரையும் எடுக்கச் சொல்லாதவருக்குத் தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கிறது.

இது எப்படி நடந்தது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. அத்தனை வருஷம் அந்தத் தண்ணீர் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு சுற்றியிருக்கிறது, ஒட்டாமல் எப்படி இருக்கும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கேள்வியெல்லாம் அதை என்ன செய்வது என்பதுதான். சாக்கடையில் கொட்டக்கூடாது என்பதில் எல்லோரும் ஒரே பேச்சு. அத்தையையும் மதினியையும் சாக்கடையில் விடுவதா. வேப்பமரத்தடியில் ஊற்றலாம் என்றால் அந்த மரத்தடியில் மாடு கட்டுவார்கள். கோயில் தெப்பத்தில் விடலாம் என்றார் ஒருவர்; உள்ளே விடாதவர்களையெல்லாம் தண்ணீராக்கி உள்ளே விடுவதா என்று இன்னொருவர் கேட்டார்; அதன் பிறகு அந்தப் பேச்சும் நின்றது. ஒரு விளக்காவது ஏற்றி வைப்போமா என்று கேட்ட கிழவியிடம், விளக்கு வைத்தால் செத்தவர்கள் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள், பாதிப்பேர் திருப்பூரிலும் துபாயிலும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று சொல்லித் தடுத்துவிட்டார்கள்.

வாளி ஸ்டூடியோவுக்குள் ஒரு ஸ்டூலின் மேல் ஏறியது. ஜனங்கள் வந்தார்கள். வாளியைப் பார்க்க வந்தோம் என்று யாரும் சொல்லவில்லை. ஆதாருக்குப் படம் வேண்டும் என்றார்கள், ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்றார்கள், மழை வருமா என்று கேட்டார்கள். பிரம்மநாயகம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வான். அதுவே வழக்கமாகிவிட்டது: ஒருவர் குனியும்போது மற்றவர் சுவரைப் பார்ப்பது. பார்த்து முடித்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள், என் முகந்தான் தெரியுது. ஆனால் தன் முகத்தைத் தண்ணீரில் பார்க்கிறவர்கள் அறியாமலே கையைத் தூக்கித் தலைமுடியை ஒதுக்கிவிடுகிறார்கள். தண்ணீரில் வேறு முகத்தைப் பார்த்தவர்கள் அதை மறந்துபோனார்கள். இதை யாரோ கவனித்துச் சொன்னார்கள். அதற்கடுத்த நாளிலிருந்து ஊரே தலைமுடியை ஒதுக்கிக்கொண்டுதான் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தது. வழுக்கைத் தலை பரமகுருவும் ஒதுக்கினார்.

பிறகு பாத்திரங்கள் வரத் தொடங்கின. துண்டுக்கு அடியில் ஒரு டம்ளர், தூக்குச்சட்டி, மருந்து பாட்டில். பிரம்மநாயகம் சுவரைப் பார்த்து நிற்க, அவரவர் கொஞ்சம் முகந்துகொண்டு போனார்கள். வாளி குறையக் குறைய அவன் பேட்டரித் தண்ணீரை மேலே ஊற்றினான், பழகின கைதானே. எவ்வளவு ஊற்றியும் முகங்கள் நீர்த்துப்போகவில்லை. பரமகுரு தன்னுடையதை ஃப்ரிட்ஜின் கதவில் வைத்தார், வெயிலுக்கு வற்றிவிடக்கூடாது என்று. ஒரு டீச்சர் கைப்பைக்குள்ளேயே வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் வந்தாள். மேலத்தெருவில் ஒரு வீட்டில் தெரியாமல் அந்தத் தண்ணீரை இட்லிப் பானையில் ஊற்றிவிட, வெந்த இட்லியை யாரும் தொடவில்லை. எடுத்து வெளியே எறியவும் இல்லை. அந்த ஆடியில் எங்கள் ஊரிலிருந்து போன போன்கள் அதற்கு முன் ஒரு வருஷத்தில் போயிருக்காது. பரமகுரு மகனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் எடுத்ததும், வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டதா, அனுப்பட்டுமா என்று மட்டும் கேட்டார். மகன் இருக்கிறது என்றான். சரி என்று வைத்துவிட்டார். பெரும்பாலான போன்கள் இப்படித்தான் முடிந்தன. மன்னித்துக்கொள் என்கிற வார்த்தையை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகியதில்லை. தெரிந்த வார்த்தையெல்லாம் சாப்பிட்டாயா என்பதுதான்.

வடிவும் ஒருநாள் வந்து வாளியில் குனிந்தாள். அவள் யாரையும் எடுக்கச் சொன்னதில்லை. தன் மூக்குத்தியைத்தான் பார்த்தாள். நிமிர்ந்து, அப்பாவைக் கூப்பிட்டு, பார்க்கச் சொன்னாள். அவன் குனிந்தான், நிமிர்ந்தான்.

"யாருப்பா தெரியுது?"

"நான்தான். வேற யாரு."

"அப்ப முடிய ஒதுக்கலியே?"

அவன் கையைத் தூக்கினான். பாதி தூக்கிய கை அங்கேயே நின்றது. வடிவு அதைக் கீழே இறக்கி விட்டாள். தன் சடங்கு ஆல்பத்தில் தோளில் நாலு விரல் இருப்பதை அவள் அந்த வயதிலேயே பார்த்திருந்தாள், அது யார் விரல் என்றும் அவளுக்குத் தெரியும், அத்தை ஏன் போனாள் என்று கேட்டால் அப்பா அவமானப்படுவாரே என்றுதான் இத்தனை வருஷம் கேட்கவில்லை. இப்போது ஒன்றைத்தான் சொன்னாள். அத்தை வந்து, சபையில், எல்லோருக்கும் முன்னால் தன் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டால்தான் மணவறை ஏறுவேன். இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டாரிடம் நீங்களே போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவள் சத்தம் போடாதபோதுதான் செல்லக்கனிக்குப் பயம்.

பிரம்மநாயகம் ஒரு கலர் சோடா பாட்டிலைக் கழுவி, வாளியிலிருந்து தண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டு, செங்கோட்டைக்குப் பஸ் ஏறினான். வழியெல்லாம் பாட்டிலை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவர் தாகத்துக்குக் கேட்டபோது, குடிக்கிற தண்ணீர் இல்லை என்றான்.

உலகம்மாளின் கடை ஒரு ஓட்டுக்கட்டடத்தின் முன்பக்கம். பள்ளிக்கூட யூனிபாரம் தைத்துத் தேய்த்துக் கொடுப்பாள். நீலத்துணி மலையாகக் கிடந்தது. இவனைப் பார்த்ததும் மிதியை நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வாடே. வெயில்ல வந்திருக்க. செல்லக்கனி சொகமா?"

எல்லாரும் சுகம் என்றான். பக்கத்துக் கடையிலிருந்து காப்பி வாங்கிக் கொடுத்தாள். அவன் காப்பியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் பேச்சு மழையைப் பற்றியும் குற்றாலத்தில் தண்ணீர் விழுவதைப் பற்றியும் இருந்தது. பிறகு அவன் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கி, பாட்டிலிலிருந்து ஊற்றி, அக்கா, இதைக் கொஞ்சம் பாரு என்றான். அவள் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு குனிந்தாள். காதோரத்து முடியை ஒதுக்கினாள்.

"நல்லா நரச்சிட்டுல்லா எனக்கு" என்றாள். "எதுக்குடே இத தூக்கிட்டு வந்த?"

அவளுக்குப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த பிரம்மநாயகத்துக்கு, கிண்ணத்தில் நரைக்காத உலகம்மாள் சீப்பைக் கடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், திருகு வைத்ததிலிருந்து, ஊர் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு திரிவது வரைக்கும். பரமகுரு வழுக்கையை ஒதுக்கியதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் படத்துலேருந்து என்னைய எடுக்கச் சொன்னது யாரு? செல்லக்கனியா, அவ அம்மையா?"

இத்தனை வருஷம் அவள் மனசுக்குள் ஒருவர் மாற்றி ஒருவராக நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறாள் என்பது அந்தக் கேள்வியில் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதும், அவள் நம்புவாள், நம்பத்தான் கேட்கிறாள்.

"யாரும் சொல்லலக்கா" என்றான். "சொல்லுவாங்கன்னு நெனச்சு நானாத்தான் எடுத்தேன்."

உலகம்மாள் எழுந்து போய், கரி இஸ்திரிப் பெட்டியை ஊதிச் சூடு பார்த்தாள். ஒரு சின்னச் சட்டையை மேசையில் விரித்தாள். கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்து, விரல்களை நனைத்து, சட்டையின் மேல் தெளித்தாள், பெட்டியை வைத்து அழுத்தினாள், ஆவி எழுந்தது. அடுத்த சட்டை. மறுபடியும் தெளித்தாள். ஊரே ஊற்ற இடம் தெரியாமல் ஸ்டூலில் ஏற்றி வைத்திருந்த தண்ணீரை அவள் காலர் காலராக, பை பையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சட்டைகளுக்குச் செலவழித்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் சிரிப்பு தாழ்ந்துகொண்டே போய், அடியில் ஒரு சீப்பளவு ஈரமாகி, அதுவும் கடைசிச் சட்டைக்குப் போனது. இது நல்ல தண்ணி, துணியில கறை விடல என்றாள். கல்யாணத்துக்கு வருவாயா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. வடிவு வரச் சொல்லிக் கேட்டதாகச் சொன்னான். தேதியைத் துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் சுவரில் எழுதிவைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.

அவள் தண்ணீரைத் தீர்த்துவிட்ட செய்தி அவனுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது போலிருந்தது. எடுக்கப்பட்டவள் கையால்தான் அந்தத் தண்ணீர் போகும் என்று எங்களுக்கு நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். வாளியையும், வீட்டுக்கு வீடு இருந்த டம்ளர்களையும் பாட்டில்களையும் அவளே வந்து ஒரு நல்ல நாளில் ஊற்றித் தந்துவிட்டால் ஊருக்கு நிம்மதி. பெண்கள் ஐந்தாறு பேர் தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் பூவும் வைத்து எடுத்துக்கொண்டு செங்கோட்டைக்குப் போனார்கள். அவளுக்கு எங்கள் ஊர் பூ வைத்த தட்டை நீட்டியது அதுதான் முதல் தடவை. உலகம்மாள் தட்டைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"பால் காய்ச்ச, பந்தக்கால் நட, புள்ளைக்கு நலுங்கு வைக்க, ஒண்ணுக்கும் நான் முன்னால வரக்கூடாது. ஒங்க வீட்டுத் தண்ணியக் கொட்ட மட்டும் வரணுமோ? அவங்கவங்க தண்ணிய அவங்கவங்க ஊத்துங்க."

போனவர்கள் திரும்பும்போது, தட்டிலிருந்த பழத்தை யார் வீட்டுக்கு எடுத்துப் போவது என்று தெரியாமல், பஸ்ஸின் கடைசி சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார்கள்.

ஆனால் கல்யாணத்துக்கு அவள் வந்தாள். வடிவுக்காக வந்தேன் என்று மண்டப வாசலிலேயே சொல்லிவிட்டாள். ஊர் அவளைத் தாங்கியது. முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள், ஃபேனைத் திருப்பி விட்டார்கள், யக்கா சாப்பிட்டியளா என்று ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டவர் யாருமில்லை. பெண்ணின் அப்பா காமிராவைத் தூக்க முடியாது என்பதால், பிரம்மநாயகத்திடம் தொழில் படித்துச் சுரண்டையில் தனியாக ஸ்டூடியோ வைத்த முத்தரசு படம் எடுத்தான். தாலி கட்டி முடிந்ததும் வடிவு அத்தையை மேடைக்கு இழுத்து வந்து தன் பக்கத்தில் நிறுத்தினாள். உலகம்மாள் அவள் தோளில் கை வைத்தாள். மாப்பிள்ளையின் பக்கம் பிரம்மநாயகம் நின்றான். காமிராவின் வெளிச்சம் பளிச்சென்று அடித்தபோது அவன் கண் கலங்கியிருந்ததாகவும், பல வருஷங்களுக்குப் பிறகு நிமிர்ந்து நின்றதாகவும் பார்த்தவர்கள் சொன்னார்கள். உலகம்மாள் சாயங்கால பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

புரட்டாசிக் கடைசியில் ஆல்பம் வந்தது. தடித்த அட்டை, வெல்வெட் பெட்டி. பிரம்மநாயகம் மேடைப் படம் இருந்த பக்கத்தைத் திருப்பினான். வடிவு இருந்தாள், மாப்பிள்ளை இருந்தார், செல்லக்கனி இருந்தாள், அவன் இருந்தான். வடிவின் அந்தப் பக்கம் ஒரு குத்துவிளக்கு நின்றது. தோளைப் பார்த்தான். விரல்கள் இல்லை. ஒரு விரல்கூட இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

சுரண்டைக்குப் போனான். முத்தரசு எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"யார் சொல்லி எடுத்த?" என்று கேட்டான் பிரம்மநாயகம்.

"இதெல்லாம் நீங்க வாய் தொறந்து சொல்லணுமா அண்ணாச்சி? மங்கலமான படம். சபையில சொல்ல ஒங்களுக்குக் கூச்சமா இருக்கும்னு நானே பாத்துச் செஞ்சிட்டேன். ஒங்ககிட்டப் படிச்சதுதான."

அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. நல்ல வேலை செய்துவிட்டு வாத்தியாரின் வார்த்தைக்குக் காத்திருப்பவனின் முகம் அது. உலகம்மாளை நீக்காத மூலப்படத்தைக் கேட்டபோது, அடுத்த முகூர்த்தத்துக்காகக் கார்டையெல்லாம் அழித்துவிட்டேனே என்றான். அவனுடைய கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. புது மாடல், விசிறியிலேயே குளிர்கிறது. அதில் தண்ணீர் கிடையாது, வடிப்பதற்கு ஒன்றுமில்லை.

பிரம்மநாயகம் நல்லா செஞ்சிருக்க என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தான் என்று முத்தரசு பிறகு எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னான்.

எங்கள் வீடுகளில் இருந்த தண்ணீரை நாங்கள் யாரும் ஊற்றவில்லை. ஊற்றாமலே அது போய்விட்டது. ஒரு கோடையில் டம்ளர்களின் அடியில் வெள்ளையாக ஒரு வளையம் விட்டுவிட்டு வற்றிப்போனது. அந்த வளையத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிப் பாத்திரங்களைப் புழக்கத்துக்கு எடுத்துக்கொண்டோம். பரமகுருவின் ஃப்ரிட்ஜில் இருந்தது மட்டும் அவர் சாகிற வரைக்கும் இருந்தது. மகன் காரியத்துக்கு வந்து, அது என்ன பாட்டில் என்று தெரியாமல், கை கழுவிக்கொண்டான். வடிவு அந்த ஆல்பத்தை வாங்கிப் போகவில்லை. உலகம்மாள் அதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

பிரம்மநாயகம் ஐப்பசியில் வாளியை உள்ளேயே விட்டு நிழல் ஸ்டூடியோவைப் பூட்டினான். இப்போது தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தில் பாஸ்போர்ட் சைஸ் படம் மட்டும் எடுக்கிறான், ஒரு படத்துக்கு ஒரு ஆள்.